உதிர்ந்ததும் ஒட்டியிருந்ததும்

எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டி இருக்கிறது. அதில் இரண்டு அறைகள். இரத்தம் பார்க்கிற பெரிய அறை என்னுடையது. அதற்குள்ளேயே கதவு வைத்த சின்ன அறையில் ஒரு தொட்டி, ஒரு ஜன்னல், சுழற்றும் மெஷின், மைக்ராஸ்கோப். அங்கேதான் சிறுநீர் பார்ப்பார்கள். அந்த அறை இருபத்தேழு வருஷமாக அக்காவுடையது.

ஊழியர்கள் எல்லோரும் அவரை ஒத்தக்கண் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவர் வேலை பழகியது ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப்பில். இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கிற புதியது வந்த பிறகும் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் பார்த்தார். யாராவது கிண்டல் செய்தால், "கண்ணு ஒண்ணுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. இன்னொண்ணுக்கும் தரட்டும், திறக்கறேன்" என்பார்.

உண்மையில் அவர் வேலைக்கு வந்தது ரிப்போர்ட்டுகளை டைப் அடிக்க. நாள் முழுக்க 'எபிதீலியல் செல் நான்கு முதல் ஆறு' என்று அடித்து அடித்து, ஒருநாள் எழுந்துபோய், "அப்படின்னா என்னதுங்க, காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். அப்போதிருந்த டெக்னீஷியன் காட்டினார். அதற்கப்புறம் அக்காவால் டைப்ரைட்டர் முன்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. வயிற்றில் பிள்ளையோடு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, அதே கூடத்தில் டெக்னீஷியனாக உட்கார்ந்தார். பெண் இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். வீட்டில் அக்காவும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மாமாவும்தான்.

குனிந்து குனிந்து பார்க்கிற வேலை கழுத்தைச் சும்மா விடாது. காதுக்குப் பின்னால் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை ஒரு வலி, கம்பியை வைத்து இழுப்பதுபோல. என் மேஜை டிராயரில் எப்போதும் ஓர் அட்டை வலி மாத்திரை கிடக்கும். ஒருநாள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அட்டையை நீட்டினேன். "இதைப் போட்டுப் பாருங்கக்கா, அரை மணி நேரத்துல பறந்துடும்."

பறந்துதான் போயிற்று. மறுநாள் திரும்பி வந்தது. அடுத்த வாரம் அவர் தானே ஓர் அட்டை வாங்கிவிட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காபி குடிப்பதுபோல அது பழகிப்போயிற்று. எட்டு மாதம் ஓடியது. அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகு கண்ணாடி ஸ்லைடு பெட்டி ஒன்று கைதவறி அவர் பாதத்தில் விழுந்து உடைந்தது. காயம் சின்னதுதான். ஆனால் நாலாம் நாள் சீழ் வைத்து, கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. வீட்டுப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் கிருமியைக் கொல்லத் தினம் ஓர் ஊசி வீதம் ஏழு நாள் போட்டார்கள். புண் ஆறிவிட்டது. அந்த ஏழு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. குமட்டிக்கொண்டே இருந்தது. வலி மாத்திரையை மட்டும் விடவில்லை. காய்ச்சலுக்கும் சேர்த்து மூன்றாக்கிவிட்டார்.

எட்டாம் நாள் வேலைக்கு வந்தபோது முகம் உப்பியிருந்தது. நன்றாகத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிவாக்கில் உள்ளறையிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் வா. இந்த ஸ்லைடைப் பாரு."

பார்த்தேன். மைக்ராஸ்கோப்பின் வெளிச்ச வட்டம் முழுக்கச் சேற்று நிறத்தில் குட்டைக் குட்டையான உருளைகள். சிறுநீரகத்தின் உள்ளே இருக்கிற மெல்லிய குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கிற செல்கள் செத்து உதிர்ந்தால், குழாய்க்குள் அடைத்துக்கொண்டு அதே வடிவத்தில் இறுகி, பிறகு சிறுநீரோடு வெளியே வரும். காஸ்ட் என்போம். ஒன்றிரண்டு என்றால் பேசிக்கொண்டே எழுதிவிடலாம். இது அப்படி இல்லை.

"யாரோடதுக்கா? உடனே டாக்டருக்குச் சொல்லணும். ஆளு எந்த வார்டு?"

"வார்டுல இல்ல. இங்கதான் நிக்குது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் சட்டைக் கையை மேலே ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "இரத்தம் எடு. கை நடுங்காம எடு, எனக்கு நரம்பு கிடைக்கறது கஷ்டம்."

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு. அது இரத்தத்தில் தேங்கினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள். போன வருஷம் ஊழியர்களுக்கெல்லாம் பார்த்தபோது அக்காவுக்கு 0.8 இருந்தது. இப்போது மெஷின் 5.6 என்றது. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அதே 5.6. போய்ச் சொன்னேன். அவர் அந்த எண்ணைத் தன் பெயர் எழுதிய தாளில் தானே எழுதி, மிச்சமிருந்த ஆறு சிறுநீர் பாட்டில்களையும் பார்த்து முடித்துவிட்டு, மாமாவுக்குப் போன் செய்தார்.

மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். சிறுநீரக டாக்டரம்மா அக்காவைவிடப் பத்து வயது இளையவர். வளவளவென்று பேச மாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கடைசி ஒரு வருஷத்துல வாயில போட்டது, ஊசியா ஏத்தினது, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

அக்கா சொன்னார். நான் ஜன்னலோரமாக நின்று ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வலி மாத்திரை கிட்னிக்கு வர்ற இரத்தத்தைக் குறைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "தண்ணியும் குடிக்கல, அதனால இன்னும் குறைஞ்சிருக்கு. அந்த நிலைமையில இந்த ஊசி. அது குழாய்ச் சுவர் செல்லுக்குள்ள புகுந்து, வெளிய போகாம தேங்கும். தனித்தனியா வந்திருந்தா சமாளிச்சிருப்பீங்க. மூணும் ஒண்ணா வந்து அடிச்சிருக்கு."

"செத்தது திரும்பி வராது, அது தெரியும்," என்றார் அக்கா. "உதிர்ந்ததை நானே பாத்துட்டேன். மிச்சம் என்ன பண்ணும்? அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, போர்வையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"குழாய்ச் சுவர்ல செல் ஒரே ஒரு வரிசைதான். நல்லா இருக்கும்போது உயரமா, தலையில தூரிகை மாதிரி நாரு நாரா, உப்பையும் தண்ணியையும் உறிஞ்சிக்கிட்டு இருக்கும். பக்கத்துல இருக்கறது செத்து விழுந்தா, தப்பிச்ச செல் முதல்ல தன் வேலையை விட்டுடும். தூரிகையை உதிர்த்துட்டு, தட்டையாகி, நகர்ந்து போய் வெறும் இடத்தை மூடும். அப்புறம் ரெண்டா பிரியும். அது ரெண்டும் மறுபடி பிரியும். சுவர் முழுசா மூடினதுக்கு அப்புறம்தான் திரும்ப உயர்ந்து, தூரிகை வளர்த்து, பழைய வேலைக்கு வரும்."

"அப்ப அதுக்கு வெளியிலிருந்து ஆள் வராதா?"

"பெரும்பாலும் அங்கேயே தப்பிச்சதுதான் எல்லாத்தையும் செய்யணும். அடியில ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அது கிழியாம இருந்தா வரிசை மாறாம மூடிக்கும். மேல மேல அடி விழக்கூடாது."

"மருந்து?"

"அந்த செல்லை வளர வைக்கற மருந்து எங்கிட்ட இல்ல. கெடுக்கறதை நிறுத்தணும். அது வளர்ற வரைக்கும் உங்க உயிரைக் காப்பாத்தி வெக்கணும். என் வேலை அவ்வளவுதான். ரெண்டு வாரத்துல வரலாம், ஆறு வாரம் ஆகலாம். வராமலும் போகலாம்."

"சரி," என்றார் அக்கா. "நிறுத்தறது என் வேலை. அதை நான் செய்வேன்."

மறுநாள் பொட்டாசியம் ஏறியது. இதயத்தை நிறுத்திவிடக்கூடிய உப்பு அது. கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு நாலு மணி நேரம். முன்பு வலித்த அதே பக்கம்தான் குழாயும். அப்போது கழுத்துவலி பழையபடி திரும்பியிருந்தது. நர்ஸ் சாதாரண காய்ச்சல் மாத்திரையை நீட்டினாலும், "இது டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, தெரியும் என்ற பிறகுதான் வாங்குவார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்களோ, அதை அளவு கோப்பையில் ஊற்றி, காலைக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்துக்கொண்டார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாமா பரிதாபப்பட்டு ஒரு மடக்கு கூடத் தர முயன்றபோது, "உங்க பஸ்ல அம்பது பிள்ளைங்க ஏற வேண்டிய இடத்துல அறுபது ஏத்துவீங்களா?" என்று கேட்டார். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அக்காவின் தங்கச்சி வந்தது ஐந்தாம் நாள். தையல் கடை வைத்திருக்கிறார். தோளில் இன்ச் டேப் தொங்க அப்படியே ஓடி வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணை எடுத்துக்கோ. இன்னிக்கே எழுதிக் கொடுக்கறேன்."

"உன் பொருளை உன்கிட்டயே வெச்சுக்கடி. என்னோடது இன்னும் செத்துப்போகல, படுத்திருக்கு."

"படுத்தது எழுந்திரிக்கலன்னா?"

"அன்னிக்குக் கேக்கறேன். இப்பவே அளவெடுக்காத."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பொடி. கடைக்கு வருகிற ஓர் அம்மாளின் மாமியாருக்குக் கிட்னியே போய், இதைச் சாப்பிட்டு மீண்டதாம்.

"இதுல என்ன இருக்கு?"

"மூலிகைதான்க்கா."

"எந்த மூலிகை? எவ்வளவு?"

"அதெல்லாம் எழுதல."

"ஊசி போட்டவர்கிட்டயும் நான் இதைக் கேக்கல. மாத்திரை போடும்போதும் கேக்கல. இனிமே உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எனக்குள்ள ஒண்ணும் போகாது. கோவிச்சுக்காத."

தங்கச்சி கோபித்துக்கொள்ளத்தான் செய்தார். ஆனால் டப்பாவைத் திரும்ப எடுத்துப்போனார்.

அந்த வாரத்திலேயே அக்கா இன்னொரு பிடிவாதம் பிடித்தார். தன் சிறுநீரைத் தானே பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா முதலில் மறுத்து, பிறகு டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பத்து நிமிஷம் என்று ஒத்துக்கொண்டார். மாமா காலை பஸ் ஓட்டம் முடிந்து வந்து, சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு வருவார். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது மில்லிதான் சேரும். அதைச் சுழற்றி, அடியில் தங்கியதை ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் வைத்துப் பார்ப்பார். பத்து வட்டத்தில் எத்தனை சேற்றுக் காஸ்ட் என்று ஒரு நோட்டில் எழுதுவார். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு.

பதினோராம் நாள் டாக்டரம்மாவே கீழே வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க பாக்கறது உதிர்ந்து வந்ததை. உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறது இதுல தெரியாது. இந்தக் கணக்கை வெச்சு சந்தோஷமும் படாதீங்க, கவலையும் படாதீங்க. இன்னும் பத்து நாள்ல அசையலன்னா பயாப்ஸி எடுக்கணும். ஊசியால கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பாக்கறது."

அவர் போன பிறகு அக்கா அன்றைய கணக்கை எழுதாமலே நோட்டை மூடி வைத்தார். அவர் சோர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இருபத்தேழு வருஷமா விழுந்ததை மட்டுமே பாத்திருக்கேன் தம்பி. விழாம நின்னது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த முதல் அட்டையை நான்தானே கொடுத்தேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ கொடுத்தது பத்து மாத்திரை. மிச்ச நானூத்திச் சொச்சத்தை நான்தான் கடைக்கு நடந்து போய் வாங்கினேன். என் காலு, என் செருப்பு. மூக்கைத் துடைச்சுக்கிட்டு இன்னிக்கு பொட்டாசியம் எவ்வளவுன்னு சொல்லு."

சொன்னேன். அன்று மாலையே என் டிராயரைக் காலி செய்தேன்.

பதினேழாம் நாள் வார்டு நர்ஸ் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து, தப்பாகக் குறித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை அளந்தார். நானூற்றிருபது மில்லி. மறுநாள் தொள்ளாயிரம். அதற்கு மறுநாள் ஒன்றே முக்கால் லிட்டர். மாமா ஏதோ பரிசு வாங்கியதுபோல அந்தப் பையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கிரியாட்டினின் மட்டும் இறங்கவில்லை, 7.1-இல் அப்படியே நின்றது.

"கொட்டுது, ஆனா சுத்தம் ஆகலையே?" என்று கேட்டார் மாமா.

"குழாய் திறந்திருக்கு. சுவரும் மூடிக்கிட்டு வருதுன்னு நினைக்கறேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா அங்க இருக்கறது எல்லாம் புது செல், தட்டை செல். உறிஞ்ச இன்னும் தெரியாது. வர்ற தண்ணி, உப்பு எல்லாத்தையும் கீழ விட்டுடும். இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். இவ்வளவு நாள் தண்ணி கூடிடக்கூடாதுன்னு பாத்தோம். இனிமே குறைஞ்சிடக்கூடாது. குறைஞ்சா திரும்ப அடி விழும்."

மறுபடி அளவு கோப்பை. ஆனால் இந்தத் தடவை தலைகீழ். நாளைக்கு நாலு லிட்டர் போயிற்று. போவதற்கு ஈடாக உள்ளே போக வேண்டும். கொஞ்சம் டிரிப்ஸ் வழியாக, மிச்சம் வாய் வழியாக. ஒரு வாய்க்காக ஏங்கியவர் இப்போது குடித்துக் குடித்துக் களைத்தார். வயிறு குலுங்கியது. கால் தசை பிடித்துக்கொண்டது. பொட்டாசியம் இப்போது கீழே போய்விட்டிருந்தது. அரை மணிக்கொரு தடவை கோப்பையை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு காலி செய்தார். "புதுசா வேலைக்கு வந்ததுங்க. கொஞ்ச நாள் எல்லாத்தையும் கொட்டத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இருபதாம் நாள் டயாலிசிஸ் செய்யவில்லை. இருபத்தொன்றாம் நாள் 6.8. நான் மாடிப்படியில் ஓடிப்போய்ச் சொன்னேன். மெஷின் உதவியில்லாமல் இறங்கிய முதல் எண் அது. அடுத்து 5.9. அடுத்து 4.4. காஸ்ட் கணக்கும் பத்து வட்டத்துக்கு மூன்றாகி, ஒன்றாகி, நின்றது. பயாப்ஸி பேச்சு கைவிடப்பட்டது. கழுத்துக் குழாயை எடுத்த அன்று தங்கச்சி வந்து, தழும்பை மறைக்கிற மாதிரி கழுத்து வைத்துத் தைத்த ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சு மட்டும் இன்னும் முழுசாகச் சேரவில்லை.

மூன்று மாதம் கழித்து, வெளிநோயாளிப் பிரிவில் கிரியாட்டினின் 1.3. அதற்கப்புறம் எத்தனை தடவை பார்த்தாலும் அங்கேயே நின்றது. பழைய 0.8 வரவில்லை. நானும் அப்போது கூட இருந்தேன்.

"நேரா சொல்லிடுங்க டாக்டர்."

"எல்லா செல்லும் வேலைக்குத் திரும்பல," என்றார் டாக்டரம்மா. "சிலது பாதி வழியில நின்னுடும். பிரியவும் செய்யாது, வளரவும் செய்யாது. உசிரோட உக்காந்துக்கிட்டு, சுத்தி இருக்கறதைத் தழும்பாக்கற சேதியை அனுப்பிக்கிட்டே இருக்கும். உங்களுக்கும் அப்படி கொஞ்சம் இருக்கலாம். மிச்சத்தை வெச்சு நல்லா வாழலாம். ஆனா அதுக்கு மேல இன்னொரு அடி தாங்காது."

"எவ்வளவு திரும்பிச்சோ அவ்வளவையும் நான் காப்பாத்திக்கறேன்," என்றார் அக்கா.

அன்றே அதற்கான வேலையில் இறங்கினார். மைக்ராஸ்கோப்பின் அடியில் தடித்த பலகை போட்டு உயர்த்தினார். நாற்காலியின் கால்களை மாமாவிடம் சொல்லி அறுக்க வைத்தார். மாமா ஒரு காலை அதிகமாக அறுத்துவிட, ஒரு வாரம் சாய்ந்துகொண்டே வேலை பார்த்தார். இருபது ஸ்லைடுக்கு ஒரு தடவை எழுந்து கழுத்துப் பயிற்சி. தன் பையில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டார். எந்தெந்த வகை மருந்து தனக்கு ஆகாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் அதை நீட்டுவார். வலி முழுதாகப் போகவில்லை. அதோடுதான் இருக்கிறார்.

அப்புறம் கூடத்தின் தலைமை அதிகாரியோடு ஒரு மோதல். சேற்றுக் காஸ்ட் இருக்கிற ஸ்லைடைப் பார்த்தால் ரிப்போர்ட் அச்சாகிற வரை காத்திருக்காமல் வார்டுக்கு அப்போதே போன் செய்ய வேண்டும் என்றார் அக்கா.

"பாக்கறது, எழுதறது, அதோட நம்ம வேலை முடிஞ்சது," என்றார் அதிகாரி. "மருந்தை நிறுத்தச் சொல்ல நாம யாரு?"

"நிறுத்தச் சொல்லலைங்க. இருக்குன்னு சொல்றேன். ரிப்போர்ட் மேல போக நாலு மணி நேரம் ஆகுது. அதுக்குள்ள அடுத்த ஊசி ஏறிடும்."

"தப்பாயிட்டா?"

"தப்பாயிட்டா அவங்க திட்டுவாங்க. திட்டு வாங்கி யாருக்கும் கிட்னி போனதில்ல."

அதிகாரி டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். அவர் இதைத்தான் வெகுநாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார். முதல் வருஷத்தில் அக்கா பதினொரு தடவை போன் செய்தார். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை; திட்டும் வாங்கினார். மற்றவர்களில் ஒருவர், வெல்டிங் பட்டறைக்காரர், முதுகுவலிக்கு மாத்திரையும் காய்ச்சலுக்கு ஊசியுமாக வந்தவர். போன் போன அன்றே ஊசியை மாற்றினார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகாமலேயே வீட்டுக்குப் போனார். அவரை யார் காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியாது. அக்காவும் போய்ச் சொல்லவில்லை.

போன வாரம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பரிசோதனைக்காக அவர் கையை நீட்டினார். எடுத்து ஓட்டினேன். எண்ணைச் சொன்னேன்.

"1.3. அதே இடத்துலதான் நிக்குதுக்கா."

"நிக்கட்டும்," என்றார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வார்டுலருந்து இருபது பாட்டில் வந்திருக்கு. நான் போறேன்."